இரண்டு ஆயக்கட்டு, ஒரு மடை

சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்துக் கண்மாய்களை வரைபட மென்பொருளுக்குள் கொண்டுவரும் வேலையில், கண்மாயை வரைவது சுலபமான பகுதி. செயற்கைக்கோள் படத்தில் கரை பளிச்சென்று தெரியும். உள்வாய் முழுக்கச் சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்தாலும், நீர் ஏறி நிற்கும் விளிம்பை மழைக்காலப் படத்தோடு ஒப்பிட்டுப் பிடித்துவிடலாம். கரைமேல் நடந்து மடைகளை ஒவ்வொன்றாகக் குறித்துவிடலாம். ஆயக்கட்டு எல்லையை, அதாவது கண்மாய் பாயும் நிலத்தின் எல்லையை, கிராம வரைபடத்திலிருந்து எடுத்து வரைந்துவிடலாம். இவ்வளவும் முடிந்த பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பிக்கிறது. எந்த வயல் எந்த மடைத் தண்ணீரில் விளைகிறது என்று கணினிக்குச் சொல்லியாக வேண்டும்.

ஒரு பக்கம் ஆயக்கட்டுப் பரப்புகள், மறுபக்கம் மடைப் புள்ளிகள். பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. ஒரே பரப்பின் ஓரத்தில் இரண்டு மூன்று மடைகள் நிற்கின்றன, அவற்றில் ஒன்று பக்கத்துக் கண்மாயுடையது. இந்த இணைப்பைச் சரியாகச் செய்வதற்கு நான் செலவிட்ட நேரம், வரைவதற்குச் செலவிட்டதைவிடப் பல மடங்கு. அதில் ஒரு மணி நேரத்தைக்கூட வீணென்று நினைத்ததில்லை.

காரணம் எளியது. ஒரு மடையின் அடைப்பு உடைந்துவிட்டால் எந்தெந்தப் புல எண்கள் காயும் என்று கேட்பார்கள். கண்மாயில் அரைத் தண்ணீர் மட்டும் நிற்கும் வருஷத்தில் மேட்டு மடை ஓடாது, பள்ள மடை மட்டும் ஓடும். அப்போது நடவு எவ்வளவு பரப்புக்குத் தாங்கும் என்று கேட்பார்கள். எந்த மடையை முதலில் பழுதுபார்த்தால் அதிகம் பேருக்குப் பயன் என்று கேட்பார்கள். மூன்று கேள்விகளுக்கும் விடை கண்மாயின் படத்தில் இல்லை, ஆயக்கட்டின் படத்திலும் இல்லை. இரண்டுக்கும் இடையே நாம் போடும் முடிச்சில் இருக்கிறது. அந்த முடிச்சு தவறினால் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் விடை தவறும், அதுவும் யாருக்கும் தெரியாமல் தவறும்.

ஆயக்கட்டுகள் ஏன் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் மேற்பொருந்தலைக் கண்டதும் பிழை என்று முடிவுகட்டி, வெட்டி ஒழுங்குபடுத்தப் பார்க்கிறார்கள். மென்பொருளும் அதற்குத் துணைபோகிறது. க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் டோபாலஜி செக்கர் என்று ஒரு கருவி உண்டு. பரப்புகள் ஒன்றையொன்று மூடக்கூடாது என்ற விதியைக் கொடுத்தால், மூடும் இடங்களையெல்லாம் சிவப்பில் காட்டிவிடும். சிவப்பைப் பார்த்ததும் கை துறுதுறுக்கும். நான் அந்தச் சிவப்பை அழிப்பதற்கு முன் ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்ப்பேன்.

சில மேற்பொருந்தல்கள் வரைந்த கையின் நடுக்கம்தான். பழைய கிராம வரைபடத்தை வருடிப் பொருத்தும்போது ஓரிரு மீட்டர் நகர்ந்துவிடும். பக்கத்துக் கிராமத்து வரைபடம் எதிர்த்திசையில் நகரும். இடையில் மெல்லிய பட்டை ஒன்று இருமுறை மூடப்படும். நீளம் நூற்றுக்கணக்கான மீட்டர், அகலம் இரண்டு மூன்று மீட்டர் என்று இருந்தால் அது பெரும்பாலும் இந்த வகை. அதை வெட்டலாம்.

சில மேற்பொருந்தல்கள் நிர்வாகத்தால் வருகின்றன. தமிழ்நாட்டில் 39,000-க்கும் மேற்பட்ட ஏரி, கண்மாய்கள் உண்டு. பொதுவாக, ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேற்பட்டவை பொதுப்பணித் துறையின் நீர்வளப் பிரிவின் பொறுப்பிலும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பிலும் இருந்துவந்தன. பெரிய கண்மாயின் படம் ஒரு கையிலும், அதன் கீழே ஒட்டி நிற்கும் சிறு கண்மாயின் படம் இன்னொரு கையிலும் உருவானவை. இரண்டும் தனித்தனியே சரியாக இருக்கக்கூடும். ஒரே கணினித் திரையில் ஏற்றும்போதுதான் இரண்டும் ஒரே வயலைத் தன்னுடையது என்கின்றன.

மூன்றாவது வகைதான் அருமையானது. வயல் உண்மையாகவே இரண்டு கண்மாய்த் தண்ணீரையும் குடிக்கிறது. இங்குள்ள கண்மாய்கள் சங்கிலியாக அமைந்தவை. மேல் கண்மாய் நிறைந்தால் மிகுதி நீர் கலிங்கு வழியாக மறுகால் பாயும். அந்த மறுகால் கீழ்க் கண்மாய்க்கு வரத்துக்கால். போகிற வழியில் இரண்டு பக்கமும் வயல்கள். மேல் கண்மாயின் ஆயக்கட்டு முடியும் இடத்தில் கீழ்க் கண்மாயின் உள்வாய் தொடங்கும். நல்ல மழை வருஷத்தில் நீர் ஏறினால் மேல் ஆயக்கட்டின் கடைசி வயல்கள் கீழ்க் கண்மாய்க்குள் முங்கிக் கிடக்கும். அந்த நிலம் ஒரே நேரத்தில் ஒரு கண்மாயின் பாசன நிலம், இன்னொரு கண்மாயின் வயிறு. அங்கே மேற்பொருந்தலை அழித்தால் நிலத்தின் வரலாற்றையே அழித்ததாகும்.

இப்போது இணைப்புக்கு வருவோம். யாரும் முதலில் முயல்வது, அருகில் எது இருக்கிறதோ அதனோடு சேர்ப்பது. க்யூஜிஐஎஸ்ஸில் இதற்கென்றே ஜாயின் ஆட்ரிப்யூட்ஸ் பை நியரஸ்ட் என்ற கருவி இருக்கிறது. எத்தனை அண்டைகள் வேண்டும், எவ்வளவு தூரத்துக்குள் தேட வேண்டும் என்று கொடுத்தால், ஒவ்வொரு பரப்புக்கும் அருகிலுள்ள புள்ளியைக் கண்டுபிடித்து, தூரத்தையும் எழுதித் தந்துவிடும். தூரம் விளிம்பிலிருந்து அளக்கப்படுகிறது. நம் வேலைக்குச் சிக்கல் அங்கேதான் இருக்கிறது. மடை என்பது கரையில் நிற்பது, ஆயக்கட்டு கரையடியில் தொடங்குவது. மடைப்புள்ளி ஆயக்கட்டுப் பரப்புக்கு உள்ளே விழுந்துவிட்டால் தூரம் சுழியம். மேற்பொருந்தும் இரண்டு ஆயக்கட்டுகளுக்குள்ளும் விழுந்தால் இரண்டுக்கும் சுழியம். அருகாமையை வைத்து ஒன்றைத் தேர்ந்தெடு என்று கேட்ட கேள்விக்கு, இரண்டும் சமம் என்று மென்பொருள் நேர்மையாகப் பதில் சொல்லி, இரண்டு வரிகளைத் தருகிறது. பலர் இந்த இரட்டை வரியைக் கண்டு எரிச்சலடைந்து ஒன்றை நீக்கிவிடுகிறார்கள். உண்மையில் அந்த இரட்டை வரிதான் நாம் களத்துக்குப் போய்க் கேட்க வேண்டிய கேள்வி.

இருப்பிடத்தை வைத்து இணைக்கும் ஜாயின் ஆட்ரிப்யூட்ஸ் பை லொகேஷன் கருவியிலும் இதே சோதனை உண்டு. பொருந்தும் ஒவ்வொன்றுக்கும் தனி வரி போடு என்பது ஒரு தேர்வு. முதலில் பொருந்துவதை மட்டும் எடு என்பது இன்னொன்று. மிக அதிகமாக மேற்பொருந்துவதை மட்டும் எடு என்பது மூன்றாவது. முதலில் பொருந்துவது என்றால் எது முதல்? கோப்பில் எந்த வரி முன்னால் இருக்கிறதோ அது. யாரோ ஒருவர் முன்பு வரைந்தார், இன்னொருவர் பின்பு வரைந்தார் என்ற தற்செயல் ஒரு வயலின் தண்ணீரைத் தீர்மானிக்கக் கூடாது. மூன்றாவது தேர்வு பரப்புகள் இரண்டுக்கு இடையே பொருள் உள்ளது. புள்ளிக்குப் பரப்பளவு கிடையாது என்பதால் இங்கே உதவாது. நான் எப்போதும் முதல் தேர்வைத்தான் எடுப்பேன். எல்லா வரிகளும் வரட்டும். குறைப்பது பிறகு, காரணத்தோடு.

இந்த வேலையில் நான் ஆசானாக மதிக்கிறவர் ஜான் ஸ்னோ. 1854-இல் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா பரவியபோது, இறப்புகளைத் தெருவாரியாகக் குறித்துப் படம் போட்ட மருத்துவர். பிராட் தெருவின் நீர்க்குழாயைச் சுற்றி இறப்புகள் குவிந்திருந்ததும், செப்டம்பர் 8 அன்று அந்தக் குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டதும் பலருக்குத் தெரியும். என் தொழில் தொடர்பாக நான் திரும்பத் திரும்பப் படிப்பது, அவர் பின்னர் செய்த திருத்தத்தை. பிராட் தெருக் குழாய்க்கும் சுற்றியுள்ள மற்றக் குழாய்களுக்கும் இடையே, நடந்து போனால் சம தூரமாகும் இடங்களை இணைத்து அவர் ஒரு கோடு வரைந்தார். அளவுகோலை வைத்து நேர்க்கோட்டில் அளந்த தூரத்தை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. தண்ணீர் எடுக்கப் போகிறவர்கள் தெரு வழியாகத்தான் நடப்பார்கள் என்பதை அளவீட்டுக்குள் கொண்டுவந்தார். பிராட் தெருக் குழாய்க்கு என்று ஒரு பரப்பு, அந்தப் பரப்புக்குள் இத்தனை இறப்பு. இன்று நாங்கள் செய்வது இதைத்தான்.

அதைவிட முக்கியம், அந்தக் கோட்டுக்கு அடங்காதவற்றை அவர் தேடிப் போன விதம். போலந்து தெருவில் இருந்த ஏழைகள் விடுதியில் 535 பேர். சுற்றிலும் சாவு விழுந்தும் அங்கே 5 பேர்தான் இறந்தார்கள். விடுதிக்குச் சொந்தக் கிணறு இருந்தது. பிராட் தெருவிலேயே இருந்த பியர் காய்ச்சும் ஆலையில் எழுபதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள், ஒருவரும் காலராவால் இறக்கவில்லை. அவர்கள் அந்தக் குழாய்த் தண்ணீரைக் குடிப்பதே இல்லை. இதற்கு நேர்மாறாக, சோஹோவிலிருந்து வெகுதொலைவில் ஹாம்ப்ஸ்டெட்டில் வாழ்ந்த ஒரு பெண்மணி இறந்தார். பிராட் தெருத் தண்ணீரின் சுவை பிடித்துப்போய், அதையே வண்டியில் தருவித்துக் குடித்துவந்தவர். வரைபடத்தை வைத்துப் பார்த்தால் அவர் அந்தக் குழாய்ப் பரப்புக்கு வெளியே, தொலைவில் நின்றவர். ஆனாலும் அவருக்கும் பிராட் தெருக் குழாய்க்கும் இடையே இருந்த தொடர்பு மிக உறுதியானது. அருகில் இருந்தும் தொடர்பில்லாதவர்கள், தொலைவில் இருந்தும் தொடர்புள்ளவர் என்ற இரு வகையினரையும் ஸ்னோ விசாரித்துத்தான் கண்டார். அருகாமை அவருக்கு விசாரணையின் தொடக்கமாக இருந்தது.

1911-இல் ஆல்ஃபிரெட் தீசன் என்ற அமெரிக்க வானிலையாளர், மழைமானிகளுக்கு இடையே பரப்பைப் பங்கிடும் முறையொன்றை எழுதினார். ஒவ்வோர் இடமும் தனக்கு மிக அருகிலுள்ள மழைமானிக்கு உரியது. இன்றும் நீரியல் பொறியாளர்கள் சராசரி மழையைக் கணக்கிட இதைப் பயன்படுத்துகிறார்கள், மென்பொருளில் ஒரே சொடுக்கில் கிடைக்கும். மழைக்கு அது பொருத்தமான எளிமை. அதே முறையை மடைகளுக்குப் போட்டு ஆயக்கட்டைப் பிரித்தவர்களையும் பார்த்திருக்கிறேன். பார்க்கக் கச்சிதமாக இருக்கும், ஓர் இடம்கூட இருமுறை மூடப்படாது, ஓர் இடமும் விடுபடாது. வாய்க்கால் எங்கே போகிறது, மேடு எங்கே, பள்ளம் எங்கே என்பது ஒன்றும் அதில் இருக்காது. தண்ணீர் பக்கத்தில் இருக்கும் வயலுக்குப் போவதில்லை, தாழ்ந்த வயலுக்குப் போகிறது.

ஆகவே என் முறை இப்படி வளர்ந்தது.

மடையைக் குறிக்கும் இடத்தை முதலில் தீர்மானிக்க வேண்டும். பழைய குமிழி மடைகளில் நீரை அடைக்கும் குமிழி, கண்மாய்க்கு உள்ளே, கற்தூண்களுக்கு நடுவே இருக்கும். தண்ணீர் கரைக்கு அடியில் சுரங்கமாகப் போய் வெளிப்பக்கம் வாய்க்காலில் விழும். பெரிய கண்மாயில் கரையடியின் அகலமே கணிசமானது. உள்ளே நிற்கும் தூணைக் குறித்தால் ஒரு புள்ளி, வெளியே வாய்க்கால் தலையைக் குறித்தால் வேறு புள்ளி. கண்மாயோடு இணைக்க உள்புள்ளி வேண்டும், ஆயக்கட்டோடு இணைக்க வெளிப்புள்ளி வேண்டும். நான் இரண்டையும் எடுத்து, ஒரே மடை எண்ணின் கீழ் வைப்பேன். இது ஒன்றைச் செய்தாலே பாதிக் குழப்பம் குறைந்துவிடும். கைபேசி ஜிபிஎஸ் திறந்த வெளியில் ஐந்து மீட்டர் அளவு தவறும், மரத்தடியில் அதைவிடக் கூடுதலாகத் தவறும். ஆகையால் புள்ளி பரப்பைத் தொடுகிறதா என்று கேட்பதில்லை. சில பத்து மீட்டருக்குள் இருக்கிறதா என்று கேட்பேன். போஸ்ட்ஜிஐஎஸ் என்ற தரவுத்தள நீட்சியைப் பயன்படுத்துகிறவர்களுக்கு எஸ்டி டிவிதின் என்ற செயல்கூறு இதற்காகவே இருக்கிறது. புள்ளியைச் சுற்றிப் பஃபர் என்ற வளையம் வரைந்து வெட்டிப் பார்ப்பதைவிட அது வேகமானது, தேவையில்லாத புதுப் பரப்புகளையும் பெருக்காது.

பரப்பின் மையத்தை எடுத்து அதிலிருந்து தூரம் அளக்கும் பழக்கத்தை அறவே விட்டுவிட வேண்டும். கரையைத் தழுவி வளைந்து கிடக்கும் ஆயக்கட்டின் மையம், சில வேளை அந்த ஆயக்கட்டுக்கே வெளியே, கண்மாய்க்குள் போய் விழும். உள்ளே விழுந்தாலும் அந்தப் புள்ளியில் ஒரு விசேஷமும் இல்லை. ஆயக்கட்டுக்கு என்று ஒரு முக்கியமான இடம் உண்டென்றால் அது அதன் தலை, தண்ணீர் நுழையும் வாய்.

அடுத்து, தேடலை இரண்டு திசையிலும் நடத்துவேன். ஒவ்வோர் ஆயக்கட்டுக்கும் அருகிலுள்ள மடை எது என்று கேட்டால், ஒவ்வோர் ஆயக்கட்டுக்கும் ஒரு மடை கிடைக்கும். ஆனால் சில மடைகளுக்கு ஆயக்கட்டே இல்லாமல் போகும். மடையிடமிருந்து கேட்டால், ஒவ்வொரு மடைக்கும் ஓர் ஆயக்கட்டு கிடைக்கும். சில ஆயக்கட்டுகள் அநாதையாக நிற்கும். ஒன்றுக்கொன்று அருகில் என்று இரண்டு பக்கமும் ஒத்துச் சொல்லும் இணைகளை முதலில் தனியே எடுத்துவைப்பேன். அவை பெரும்பாலும் சரியாக இருக்கும். ஒரு பக்கம் மட்டும் சொல்லும் இணைகளில்தான் கதை இருக்கிறது. ஆயக்கட்டே கிடைக்காத மடை ஒன்று, பல வருஷம் தூர்ந்துபோனதாக இருக்கலாம், அல்லது அதன் ஆயக்கட்டு யாராலும் வரையப்படாமல் விடுபட்டிருக்கலாம்.

அதன்பின் தண்ணீரின் திசை. மடை உயரத்திலும் வயல் தாழ்விலும் இருக்க வேண்டும் என்ற விதியை வைத்து, பொருந்தாத இணைகளைக் கழிக்கலாம். இதற்கு உயர மாதிரி வேண்டும். 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடார் மூலம் அளந்த எஸ்ஆர்டிஎம் தரவு எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது, ஒரு கட்டம் சுமார் 30 மீட்டர். தேனி மாவட்டத்துச் சரிவுகளில் இது போதும், மேடு பள்ளத்தைத் தெளிவாகச் சொல்லிவிடும். ராமநாதபுரத்துச் சமவெளியில் போதாது. அங்கே மடைக்கும் கடைசி வயலுக்கும் உயர வித்தியாசம் ஓரிரு மீட்டராக இருக்கும். அந்தத் தரவின் பிசகு அதைவிடப் பெரியது. மரத்தின் உச்சியையும் அது நிலமென்று எண்ணும். கருவேலங்காடு மேடாகத் தெரியும். ஆகவே தட்டையான நாட்டில் உயர மாதிரியை நம்பி ஓர் இணையையும் கழிக்க மாட்டேன். வாய்க்கால்களை வரைந்து அவற்றின் வழியே போய்ப் பார்ப்பேன். ஸ்னோ தெருக்களை எடுத்துக்கொண்டது போல, இங்கே வாய்க்கால்.

வாய்க்கால்களும் தீர்க்காதபோது பதிவேடு. வருவாய்த் துறையின் அ பதிவேட்டில் நஞ்சை நிலங்களுக்குப் பாசன ஆதாரம் எது, ஒருபோகமா இருபோகமா என்ற விவரம் உண்டு. சில புல எண்களுக்கு நேரே இரண்டு ஆதாரங்களின் பெயர் இருக்கும். திரையில் சிவப்பாகத் தெரிந்த மேற்பொருந்தல் அதே புல எண்களில் அமைந்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு ஏற்படும் மகிழ்ச்சியைச் சொல்லி மாளாது. எப்போதோ யாரோ நிலத்தில் நின்று எழுதிய எழுத்தும், இன்று நான் வரைந்த கோடும் ஒன்றையொன்று பார்த்துத் தலையசைக்கின்றன.

பதிவேடும் சொல்லாததை நீர்பாய்ச்சி சொல்வார். மடையைத் திறந்து அடைத்து, முறைப்படி வயல்களுக்குத் தண்ணீர் விடும் பொறுப்பு அவருடையது. மானாமதுரைப் பக்கத்தில் ஒரு கண்மாய்க் கரையில், வயதில் மூத்த நீர்பாய்ச்சி ஒருவரிடம் திரையைக் காட்டி, இந்த வயல்கள் எந்த மடை என்று கேட்டேன்.

"ரெண்டுந்தான் தம்பி," என்றார்.

"ரெண்டும்னா எப்படிங்கய்யா? எது முக்கியம்?"

"நடவுக்கு மேலக் கம்மா மறுகால் தண்ணி. கதிர் பிடிக்கிறப்ப நம்ம மடையத் தொறந்தாத்தான் உண்டு. இதுல எதத் தம்பி முக்கியம்ங்கிறது?"

அவர் சொன்ன பிறகு என் அட்டவணையில் ஒரு பத்தி கூடியது: காலம். அதுவரை ஒரு வயலுக்கு இரண்டு மடை என்றால் பங்கு பிரித்துப் போடுவதுதான் வழக்கம். பாதி இதற்கு, பாதி அதற்கு. பங்கு பிரிப்பதற்கு ஒரு நியாயமான காரணம் உண்டு. ஒரு வயலை இரண்டு மடைகளோடு இணைத்துவிட்டு, மடைவாரியாகப் பரப்பைக் கூட்டினால், அந்த வயல் இருமுறை எண்ணப்படும். மொத்த ஆயக்கட்டு ஊரில் இருக்கும் நிலத்தைவிடப் பெரிதாகிவிடும். ஒவ்வொரு வயலுக்கும் பங்குகளின் கூட்டுத்தொகை ஒன்றாக இருக்க வேண்டும் என்று வைத்தால் அந்தத் தவறு வராது. ஆனால் பாதிப் பாதி என்பது விசாரிக்காதவன் போடும் எண். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை கொட்டி மறுகால் பாயும் நாட்களில் அந்த வயல் முழுக்க மேல் கண்மாய்க்குரியது. தை மாதத்தில் முழுக்கக் கீழ்க் கண்மாய்க்குரியது. மேல் கண்மாய் நிறையாத வருஷத்தில் முதல் தொடர்பே கிடையாது. இவ்வளவையும் ஒரு 0.5-க்குள் அடைக்க முடியாது.

ஆகவே இணைப்பை ஆயக்கட்டு அட்டவணையிலும் வைப்பதில்லை, மடை அட்டவணையிலும் வைப்பதில்லை. மூன்றாவதாக ஓர் அட்டவணை. ஒரு வரி என்றால் ஒரு வயலுக்கும் ஒரு மடைக்கும் உள்ள ஒரு தொடர்பு. வயல் எண், மடை எண், விளிம்பிலிருந்து தூரம், வாய்க்கால் வழித் தூரம், எந்தப் பருவத்தில், முதன்மையா துணையா, எதை வைத்துச் சொல்கிறோம் என்று பத்திகள். கடைசிப் பத்திதான் எனக்கு உயிர். அதில் அருகாமை, உயரம், வாய்க்கால், பதிவேடு, நீர்பாய்ச்சி என்ற ஐந்தில் ஒன்று இருக்கும். அருகாமை என்று மட்டும் இருக்கும் வரி இன்னும் முடியாத வரி. க்யூஜிஐஎஸ்ஸில் திட்டப் பண்புகளுக்குள் போய் இந்த மூன்று அட்டவணைகளுக்கும் இடையே உறவை நிறுவிவிட்டால், திரையில் ஒரு மடையைத் தொட்டதும் அதன் வயல்கள் எல்லாம் படிவத்தில் விரியும், ஒரு வயலைத் தொட்டால் அதன் மடைகள் வரும். ஓர் ஊருக்கு இதை முழுமையாகச் செய்துமுடித்து, கூடியிருப்பவர்கள் முன் ஒரு மடையைத் தொட்டுக் காட்டும்போது, தங்கள் வயலின் எண்ணைப் பட்டியலில் தேடும் முகங்களை நான் பார்த்திருக்கிறேன். வேலை நடந்திருக்கிறது என்பதற்கு அதைவிடச் சான்று எனக்கு வேண்டாம்.

சரிபார்க்க நான் கையாளும் வழி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இது எந்தக் கையேட்டிலும் அழுத்திச் சொல்லப்படுவதில்லை. ஒவ்வொரு வயலிலிருந்தும் அதன் மடைக்கு ஒரு நேர்க்கோடு வரையச் செய்யுங்கள். ஹப் லைன்ஸ் என்ற கருவி ஒரே மூச்சில் வரைந்துவிடும். வரைந்துவிட்டுக் கண்மாய் நீர்ப்பரப்பையும் ஆற்றையும் ரயில் பாதையையும் மேலே ஏற்றுங்கள். கோடுகள் மடையிலிருந்து விசிறியாக விரிந்தால் நல்லது. ஒரு கோடு கண்மாயின் உள்வாயைக் குறுக்கே வெட்டிக்கொண்டு எதிர்க்கரை வயலுக்குப் போனால், அங்கே நின்று கேளுங்கள். வைகையைத் தாண்டி ஒரு கோடு போனால், பாலமோ தொட்டிப்பாலமோ இருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டு மடைகளின் விசிறிகள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொண்டால் அங்கே பெரும்பாலும் எண் மாறியிருக்கும், அல்லது உண்மையான இருபாசனம் இருக்கும். அட்டவணையில் ஆயிரம் வரிகளைப் படித்துக் காண முடியாததைக் கண் ஒரே பார்வையில் பிடித்துவிடுகிறது.

தூரம் என்ற சொல்லை நம்பும் முன் அலகைப் பார்க்க வேண்டும். தரவு அட்சம், தீர்க்கம் என்ற பாகைகளில் இருந்தால் மென்பொருள் தூரத்தையும் பாகையில்தான் சொல்லும். 500 மீட்டருக்குள் தேடு என்று நினைத்து 500 என்று கொடுத்தால், அது 500 பாகை. உலகமே அதற்குள் அடங்கும், எல்லாம் எல்லாவற்றோடும் இணையும். நம் நாட்டுப் பக்கத்தில் ஒரு பாகை ஏறக்குறைய 110 கிலோமீட்டர். ஆகவே மீட்டரில் அளக்கும் யூடிஎம் முறைக்கு மாற்றிக்கொள்வோம். அதிலும் வைகைப் படுகைக்கு ஒரு சங்கடம் உண்டு. 78 பாகைக் கிழக்குத் தீர்க்கக்கோடு சோழவந்தானுக்கும் மதுரைக்கும் இடையே போகிறது. அதற்கு மேற்கே 43-ஆம் மண்டலம், கிழக்கே 44. வைகை ஒரு மண்டலத்தில் பிறந்து மறு மண்டலத்தில் முடிகிறது. படுகை முழுவதையும் ஒன்றாக இணைப்பதாக இருந்தால் எல்லாவற்றையும் 44-இலேயே வைத்துக்கொள்ளலாம். தேனிப் பக்கம் ஒரு கிலோமீட்டருக்கு ஒன்றரை மீட்டர் போலப் பிசகும், மடைக்கும் வயலுக்கும் இடையிலான தூரத்தில் அது ஒன்றும் செய்யாது. இரண்டு மண்டலத் தரவையும் மாற்றாமல் கலந்துவிடுவதுதான் ஆபத்து.

இணைப்பு அட்டவணையில் இன்னும் இரண்டு பத்திகள் வேண்டும் என்று இப்போதெல்லாம் வற்புறுத்துகிறேன்: எந்த ஆண்டிலிருந்து, எந்த ஆண்டுவரை. மடைகள் தூர்ந்துபோகின்றன. பழுதுபார்க்கும்போது பழைய குமிழியை விட்டுவிட்டுப் பக்கத்தில் திருகு அடைப்பு வைத்துப் புது மடை கட்டுகிறார்கள், வாய்க்காலின் தலை பல மீட்டர் தள்ளிப்போகிறது. ஆயக்கட்டின் ஒரு மூலை வீட்டுமனையாகிறது, கடைசி வயலுக்குப் போன கால்வாய் அதோடு அறுகிறது. அப்படி நேரும்போது பழைய வரியை அழிக்கவேண்டாம். முடிந்த ஆண்டை எழுதிவிட்டு, அதன் கீழே புது வரியைத் தொடங்குங்கள். அறுந்த கால்வாயைத் திரும்ப வெட்ட வேண்டும் என்று ஊரார் மனு எழுதும்போது, எந்த மடையிலிருந்து எந்தப் புல எண்ணுக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது என்பதற்கு அந்தப் பழைய வரியைத்தான் எடுத்துக் காட்ட வேண்டியிருக்கும்.